கன்னியாவில் சட்டையோடு குளிக்கப் போனது

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிக்க ஒரு ஒழுங்கு இருக்கிறது. யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் திருகோணமலைக்காரருக்குத் தெரியும். ஏழு கிணறும் சின்னத் தொட்டிகள் மாதிரித்தான். உள்ளே இறங்கக் கூடாது. வெளியே நின்று வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும். சோப்பைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. இரண்டு வாளி ஊற்றியதும் பக்கத்தில் நிற்பவரிடம் வாளியைக் கொடுத்துவிட வேண்டும். சூடு குறைந்த கிணற்றில் தொடங்கிக் கூடியதில் முடிக்க வேண்டும். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட வேண்டும். இந்தக் கடைசி ஒழுங்குதான் எனக்கு வில்லங்கமாகிப் போனது.

என் இடது தோளிலிருந்து முதுகு வரை ஒரு தழும்பு. ஐந்து வயதில், கட்டைபறிச்சானில், அம்மா நெல் அவித்த பானையை இறக்கும்போது கை வழுக்கிச் சுடுதண்ணீர் என் மேல் கொட்டியது. அதிலிருந்து வெந்நீர் என்றாலே எனக்கு நடுக்கம். தேநீரையும் ஆற வைத்துத்தான் குடிப்பேன். கன்னியாவுக்குப் போனால் நாலாவது கிணற்றைத் தாண்டியதில்லை.

சண்டைக் காலத்தில் உடம்பில் தழும்புள்ள இளைஞனை ஆமிக்காரர் சும்மா விடமாட்டார்கள். எந்தச் சண்டையில் பட்டது என்று கேட்பார்கள். பதில் பிடிக்காவிட்டால் ஏற்றிக்கொண்டு போவார்கள். போனவன் வருவது அவனவன் தலைவிதி. சுட்ட காயத்துக்கு மருந்து கட்டிய ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டு இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டது. கண்ணால் கண்ட சாட்சி அம்மா மட்டும்தான். அன்றைக்கு அம்மா செத்து முப்பத்தோராம் நாள். அந்தியேட்டிக் கிரியை செய்வதற்கு முன் நான் குளித்தாக வேண்டும்.

கிணற்றடியில் துவக்கோடு ஒரு ஆமிக்காரன் நின்றான்.

"சட்டையக் கழட்டன்," என்றார் அக்காவின் கணவர்.

"ஏலாது அத்தான். இப்பிடியே ரெண்டு வாளி ஊத்திறன்."

"சட்டையோட குளிச்சாத்தான் கூடப் பாப்பாங்கள், விசரா."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஆமிக்காரன் வந்துவிட்டான்.

"ஏன் சட்டை? கழட்டு."

அவசரமாகக் கழற்றியதில் ஒரு பொத்தான் அறுந்தது. அவன் தழும்பில் விரலை வைத்தான்.

"இது என்ன?"

"சின்ன வயசில சுடுதண்ணி ஊத்துப்பட்டது, சேர்."

அவன் நம்பவில்லை. அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கையைக் காட்டி அடக்கினான். பிறகு என் வாளியை வாங்கிக்கொண்டு, சூடு கூடிய கிணற்றில் அள்ளி வந்து என் முதுகில் ஊற்றினான்.

"ஐயோ, அம்மா!"

துள்ளிய துள்ளலில் வழுக்கி, கழிவுத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தேன். அவிழ்ந்த வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி எழும்பி அத்தானுக்குப் பின்னால் ஒளிந்தேன். ஆமிக்காரன் மிச்சத் தண்ணீரைத் தன் கையில் ஊற்றிப் பார்த்தான்.

"இது சூடு இல்லை," என்றான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. "இந்த ஆள் சண்டை பிடிக்காது." வாளியை ஒழுங்குப்படி என் கையில் தந்துவிட்டுப் போனான்.

அப்பாடா! மானம் போனதைப் பற்றி எனக்குத் துளியும் கவலை இல்லை. அத்தானைக் கட்டிப்பிடித்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, நான் யாரைக் கூப்பிட்டுக் கத்தினேன் என்பது உறைத்தது. அம்மா செத்த வீட்டில்கூட நான் வாய்விட்டு அழவில்லை. அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம், "என்ர கையால வந்த வினை," என்று கண் கலங்குகிற அம்மா.

"குளிச்சது காணும், வா. கிரியைக்கு ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார்," என்றார் அத்தான்.

"பொறுங்கோ அத்தான்," என்று சொல்லிவிட்டு முதல் கிணற்றுக்குப் போனேன். ஏழிலும் குளித்தேன். ஏழாவதில் அழுதது யாருக்கும் தெரியவில்லை.