பதினொரு வயலும் ஒரே டீக்கடையில்

"மேடம், மேப்பு காட்டுன எடத்துக்கு வந்துட்டேன். இங்க ஒரு டீக்கடைதான் இருக்கு. எதை அறுக்கிறது?"

அறுவடை மிஷின் ஓட்டும் முருகேசன் காலை ஒன்பதரைக்குப் போன் செய்து இப்படிக் கேட்டார். வெப்சைட் கட்டும் வேலையில் எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். பட்டன் வேலை செய்யவில்லை, எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்றெல்லாம் புகார் வந்திருக்கிறது. டீக்கடையை அறுக்கலாமா என்று யாரும் கேட்டதில்லை.

போன வருடம் நடந்தது இது. முதலிலிருந்து சொல்கிறேன். தஞ்சாவூரில் ஆறு பேர் கொண்ட சின்னக் கம்பெனி எங்களுடையது. சம்பா அறுவடை வந்தால் இந்தப் பக்கம் மிஷினுக்கு எல்லோரும் ஆலாய்ப் பறப்பார்கள். அதற்காக ஒரு வெப்சைட் செய்தோம். விவசாயி போனில் பதிவு செய்தால் அவர் வயல் மேப்பில் ஒரு புள்ளியாக விழும். டிரைவர் போனுக்கு வரிசையும் வழியும் போகும். முதலாளி ராஜசேகர் சார் அதற்கு முந்தின வருடம் ஆப் ஆப் என்று உயிரை வாங்கினார். அந்த வருடம் ஏஐ. "ஸ்டெல்லா, விவசாயி பேசினா பதில் பேசுற மாதிரி ஒண்ணு வச்சிடலாம்மா" என்பார். நான் மசியவில்லை. இன்ஸ்டால் எதுவும் வேண்டாம், லிங்க்கைத் தொட்டால் திறக்கிற சாதாரண வெப் பக்கம் போதும் என்று அடம்பிடித்தேன்.

அதில் ஒரு சமாச்சாரம் என்னைத் தலைகால் புரியாமல் ஆட வைத்தது. வயல்வெளியில் சிக்னல் இருக்காது. என் வெப் பக்கமோ சிக்னல் இல்லாமலும் திறக்கும், எழுதியதைப் போனுக்குள்ளேயே பத்திரமாக வைத்திருக்கும், சிக்னல் கிடைத்ததும் அனுப்பிவிடும். டெமோ நாளில் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுக் காட்டியபோது சாரே கைதட்டினார்.

பாபநாசம் பக்கத்தில் ஓர் ஊரில் சோதனை ஓட்டம். பதினொரு பதிவு, இரண்டு மிஷின். சாயங்காலம் மழை என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. முதலில் பதிந்தவர் தனலெட்சுமி அக்கா. நான்கு மா நிலத்தை, அதாவது ஒன்றேகால் ஏக்கர் சொச்சத்தை, தனி ஆளாகப் பார்க்கிறவர். முந்தின வாரக் காற்றில் அவர் பயிர் பாதி சாய்ந்துவிட்டது. இன்னொரு மழை பட்டால் கதிர் தண்ணீரில் கிடந்து முளைத்துவிடும். அன்றைக்கு அறுத்தால் உண்டு, இல்லையென்றால் அந்தப் போகமே போச்சு.

முருகேசன் கையிலிருந்த போனை வாங்கி அக்காவே பேசினார். "ஏம்மா, மொத ஆளுன்னு எனக்கு மெசேஜ் வந்துச்சு. மிஷின் ரெண்டும் டீக்கடையில நிக்குது. வானத்தப் பாத்தியா நீ?"

பார்க்கவில்லை. ஸ்கிரீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு புள்ளிகளும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே இடத்தில் கிடந்தன. பதினொரு பேர் பதிந்த சந்தோஷத்தில் மேப்பை நான் பெரிதாக்கிப் பார்க்கவே இல்லை.

"அக்கா, பதிவு பண்ணினப்ப எங்க நின்னீங்க?"

"வரப்புல நின்னுதான் எழுதுனேன். அங்கதான் டவர் கெடைக்காதே. டீக்கடை வாசலுக்கு வந்தப்பறந்தான் போச்சு."

ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அந்தக் கடை வாசல். நான் லொக்கேஷனை எழுதும்போது எடுக்காமல் அனுப்பும்போது எடுத்திருக்கிறேன். சிக்னல் நிரம்பி வழியும் ஆபீசில் உட்கார்ந்து டெஸ்ட் செய்தால், எழுதுவதும் அனுப்புவதும் ஒரே நொடி, ஒரே நாற்காலி. என்னை நானே திட்டிக்கொண்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

சார் பின்னால் வந்து நின்றார். "எல்லாரையும் திரும்பப் பதியச் சொல்லலாமா?"

"ஒவ்வொருத்தரும் வயலுக்கு நடந்துட்டு வர்றதுக்குள்ள நேரம் போயிடும் சார்."

டேட்டாபேஸைத் திறந்தேன். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். ஃபார்மில் ஒப்புக்கு வைத்த பெட்டி அது. மேப்பு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று டிரைவர் ஸ்கிரீனிலிருந்து அதை நான்தான் தூக்கியிருந்தேன். யாரும் எழுதமாட்டார்கள் என்று நினைப்பு. பதினொரு பேரும் எழுதியிருந்தார்கள். எந்த வாய்க்கால், எத்தனையாவது மதகு, பக்கத்து வயல் யாருடையது, எல்லாம் இருந்தது. தனலெட்சுமி அக்கா எழுதியது: "பெரிய வாய்க்கால் மூணாவது மதகுக்குக் கீழண்டை. ரோட்டோரம் ரெண்டு வயல் அறுத்தாதான் எங்க வயலுக்கு மிஷின் வரும். அவங்ககிட்ட சொல்லிட்டேன்."

படித்ததும்தான் உறைத்தது. மேப்பு சரியாகவே இருந்திருந்தாலும் என் வரிசை தப்பு. முதலில் பதிந்தவருக்கு முதலில் என்று போட்டிருந்தேன். நடுவில் நிற்கும் அடுத்தவர் பயிரைத் தாண்டி மிஷின் எப்படிப் போகும்?

மேப்பைத் தூக்கிக் கடாசினேன். டிரைவர் ஸ்கிரீனில் இனி குறிப்பு மட்டும், பெரிய எழுத்தில். ஒவ்வொன்றையும் நான் போனில் படிக்க, அக்கா அங்கிருந்தபடியே "அத ரெண்டாவதா போடு, இது அந்தப் பக்கத்து மிஷினுக்கு" என்று வரிசை சொன்னார். தன் வயலைத் தயங்காமல் மூன்றாவதாகப் போட்டார். சர்வரில் ஏற்றினேன்.

"இப்ப புரியுது மேடம்" என்றார் முருகேசன். மிஷின் கிளம்பும் சத்தம் போனில் கேட்டது.

அதற்கு மேல் ஆபீசில் இருப்புக் கொள்ளவில்லை. சார் காரை எடுத்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முன் வயல் இரண்டும் முடிந்து, மிஷின் அக்கா வயலில் இறங்கிக்கொண்டிருந்தது. சாய்ந்த பயிரை எதிர்ப்பக்கமிருந்து மெல்ல மெல்லத் தூக்கி அள்ளினார் முருகேசன். வானம் கருத்துக்கொண்டே வந்தது. கடைசி நெல் டிராக்டரில் கொட்டியதும் தார்ப்பாயை இழுத்தோம். ஒரு முனை என் கையில், மறு முனை சார் கையில். முடிச்சுப் போடும்போது முதல் துளி என் புறங்கையில் விழுந்தது. நாற்பத்தேழு வயதில் வரப்பில் நின்று குதித்தேன். மற்ற வயல்களும் அன்று தப்பித்தன.

லொக்கேஷன் தப்பை மறுநாளே திருத்திவிட்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: பயன்படுத்துகிறவர் எங்கே நிற்பாரோ அங்கே போய் நின்று டெஸ்ட் செய்யுங்கள். எழுதச் சொல்லிப் பெட்டி வைத்தால் அதைப் படியுங்கள்.

இப்போது குறிப்புகளைப் பார்த்து உத்தேச வரிசை போட ஏஐயை வைத்திருக்கிறேன். தான் ஜெயித்துவிட்டதாக சார் நினைக்கிறார், நினைக்கட்டும். இந்த வருடமும் முதல் பதிவு தனலெட்சுமி அக்காவுடையதுதான். புள்ளி சரியாக அவர் வயலில் விழுந்திருந்தது. குறிப்பில் எழுதியிருந்தார்: "போன வருஷம் எழுதுனதேதான். இந்த வாட்டி நீயே படிச்சிட்டு மிஷின அனுப்பும்மா."