பச்சை எழுத்தில் வந்த பதில்

என் இரும்பு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், அரக்கு முத்திரை உடைக்காத பழுப்பு உறை ஒன்று கிடக்கிறது. உள்ளே இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒரு ஃப்ளாப்பி டிஸ்க். கல்கத்தா நியூ டவுனில் மகன் வீட்டுக்குக் குடிவந்தபோது சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்த அவன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதைப் படிக்கிற மெஷின் இனிமே மியூசியத்துலதான் இருக்கும். தூக்கிப் போட்டுரட்டுமா?" என்றான். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை பார்க்கிறவன். "போடா, உன் வேலையைப் பாரு" என்று பிடுங்கிக்கொண்டேன். உறையின்மேல் 'டெஸ்பாட்ச்ட்', அதாவது அனுப்பியாயிற்று என்று ஊதா மையில் முத்திரை குத்தியிருக்கிறது.

அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் கல்கத்தா வந்து பெஹாலாவில் குடியிருந்தோம். எண்பதுகளில் எனக்கு ஆற்றை அளக்கிற ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அலுவலகத்தின் பெயர் இப்போது எதற்கு? ஹூக்ளி ஆறு சும்மா கிடக்கிற ஆறு இல்லை. இன்று ஆழமாக இருந்த இடத்தில் நாளை மணல் ஏறி நிற்கும். அதனால் கப்பல்களுக்கு வழி சொல்வதற்காக ஆற்றின் நெடுக எங்கள் சாவடிகள் இருந்தன. கடல் ஏற்றத்திலும் வற்றத்திலும் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துச் சொல்வது அங்கிருப்பவர்களின் வேலை. கடைசிச் சாவடி முகத்துவாரத்தில், ஒரு மணல்தீவில். அங்கே இருந்தவர் தூத்துக்குடிக்காரர். ஆபீசில் தமிழ் பேச நானும் அவரும்தான் என்பதால் நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். வங்காளிகள் அதையே அவர் பெயர் என்று நினைத்து 'அண்ணாச்சி பாபு' ஆக்கிவிட்டார்கள். அவரும் திருத்தவில்லை, சிரித்துக்கொள்வார்.

லீவில் கரைக்கு வரும்போதெல்லாம் லேக் மார்க்கெட் பக்கம் தமிழர் கடையில் காப்பிப்பொடியும் முறுக்கும் வாங்கிக்கொண்டு நேரே ஆபீசுக்கு வருவார். வெயிலில் கறுத்த முகம், உப்புக்காற்றில் சிவந்த கண். நாற்காலியில் உட்காரமாட்டார், ஜன்னல்கட்டையில் சாய்ந்து நின்றபடியே பேசுவார். தீவில் தமிழில் பேச ஆளில்லாத பேச்சையெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போவார். அவர் போன பிறகு அறையே வெறிச்சென்று ஆகிவிடும்.

நான் சேர்ந்த புதிதில் சாவடிகளிலிருந்து வயர்லெஸ்ஸில் கத்திச் சொல்வார்கள், நாங்கள் எழுதிக்கொள்வோம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஆபீசில் பெரிய மெஷின், சாவடிக்கு ஒரு சின்ன மெஷின், இரண்டுக்கும் நடுவே அதற்கென்று தனி வயர்லெஸ். சாவடியில் அளவைத் தட்டினால் பெரிய மெஷின் வாங்கிக்கொண்டு பதில் அனுப்பும். உடனே சின்ன மெஷினின் திரையில் பச்சை எழுத்தில் 'ரிசீவ்ட்' என்று வரும். எல்லோரும் அதைத் திட்டினார்கள். அண்ணாச்சி ஒருவர்தான் கொண்டாடினார். "தங்கச்சி, முன்னால தொண்டை கிழியக் கத்துவேன். இங்கிட்டு எவனாவது சரி சரிம்பான். அவன் காதுல விழுந்துச்சா, காத்தோட போச்சான்னு ஒண்ணும் தெரியாது. இப்பப் பாருங்க, வந்து சேந்துட்டுன்னு பச்சையா எழுதிக் காட்டுதுல்லா! நிம்மதியா ஒறங்குதேன்."

அளவுக்குக் கீழே குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. மற்றவர்கள் காலியாக விடுவார்கள். அண்ணாச்சி அதில் காப்பிப்பொடி தீர்ந்தது என்பார், மண்ணெண்ணெய் வேண்டும் என்பார், இன்று ஹில்சா மீன் மலிவு என்றுகூட எழுதுவார். அதைப் படித்து, தீவுக்குப் போகிற அடுத்த லாஞ்சில், ஆபீசின் மோட்டார் படகில், சாமான் ஏற்றிவிடுவது என் பொறுப்பு. அவர் கேட்டது ஒன்றுகூடப் போகாமல் இருந்ததில்லை. பச்சை எழுத்து வந்தால் சாமான் வரும் என்பது அவருக்கு அப்படியே பழகிவிட்டது.

புரோகிராம் எழுதியவர் ஒரு வங்காளி அம்மாள். எங்களுக்கெல்லாம் அவர் தீதி, அக்கா. பருத்திப் புடவையும் வாயில் வெற்றிலையுமாக இருப்பார், சட்டென்று கோபம் வரும், அதைவிடச் சட்டென்று போய்விடும். ஒரு வருடம் புரோகிராமை மாற்ற வேண்டி வந்தது. காற்றின் திசை, வேகம் எல்லாம் சேர்த்து அனுப்பும்படி புதிய ஏற்பாடு. பெரிய மெஷினில் தீதியே மாற்றிவிடலாம். சாவடிகளில் மாற்ற வேண்டுமானால் புது டிஸ்க் லாஞ்சில் போய்ச் சேர வேண்டும், சாவடிக்காரர் அதைப் போட்டு மெஷினை மறுபடி கிளப்ப வேண்டும். அதுவரைக்கும் பெரிய மெஷினுக்குப் பழைய பேச்சும் புதிய பேச்சும் இரண்டுமே புரிய வேண்டும் என்பதில் தீதி பிடிவாதமாக இருந்தார். பழைய கதவு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். கடைசிச் சாவடி மாறுகிறவரை பழைய கதவைச் சாத்தக்கூடாது என்பார்.

எங்கள் ஆபீசுக்கு ஒரு வழக்கம் உண்டு. தபால் பிரிவில் 'டெஸ்பாட்ச்ட்' முத்திரை விழுந்துவிட்டால் காரியம் முடிந்தது. போய்ச் சேர்ந்ததா என்று கேட்பது தபால்காரர்மேல் சந்தேகப்படுகிற மாதிரி, மரியாதைக் குறைவு. துர்கா பூஜை நெருங்கியது. எல்லா டிஸ்க்குக்கும் முத்திரை விழுந்தாயிற்று. பெரிய மெஷினில் இரண்டு பேச்சுக்கும் இடம் போதாமல் அது திணறியது. பெரிய அதிகாரி தீதியைக் கூப்பிட்டு, "எல்லாம் டெஸ்பாட்ச் ஆகிவிட்டதே, இன்னும் எதற்குப் பழைய கதவு? பூஜைக்கு முன்னால் சாத்திவிடுங்கள்" என்றார். தீதி வாதாடினார். நான் அடுத்த மேஜையில் இருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. கடைசியில் உத்தரவு என்றால் உத்தரவுதானே, சாத்தினார்.

தீவுக்குப் போக வேண்டிய உறை லாஞ்ச் கிளம்புகிற படித்துறை அறையிலேயே கிடந்தது. துர்கா சிலைகளை ஆற்றில் கரைக்கிற காவலுக்கு லாஞ்சுகளைப் பிடித்துக்கொண்டார்கள். தீவில் அண்ணாச்சி தனியாக இருந்தார். சாவடியில் கூட வேலை பார்த்த வங்காளியைப் பூஜைக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார். வருடா வருடம் அப்படித்தான். "அவிய திருவிழாவுக்கு அவிய போட்டும். பொங்கலுக்கு என்னைய ஊருக்கு விட்டாப் போதும்" என்பார். பேசுகிற வயர்லெஸ் பெட்டி பழுதாகிக் கரைக்கு வந்திருந்தது. அதுதான் மெஷின் இருக்கிறதே என்று அதை யாரும் அவசரமாகப் பார்க்கவில்லை.

பூஜை விடுமுறையில் ஆபீசில் இருந்த ஒன்றிரண்டு பேர் கடைசிச் சாவடியிலிருந்து அளவு வரவில்லை என்பதைப் பார்த்திருக்கிறார்கள். மேகமாக இருக்கிறது, சிக்னல் வராது என்று விட்டுவிட்டார்கள். விஜயதசமி முடிந்து எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு இனிப்புக் கொடுத்துக்கொண்டிருந்த அன்றுதான் லாஞ்ச் தீவுக்குப் போனது. புது டிஸ்க்கைக் கொண்டுபோன அதே லாஞ்சில் அண்ணாச்சியைக் கொண்டுவந்தார்கள். குடல்வால் வெடித்திருந்தது என்றார் டாக்டர். நான் படித்துறைக்குப் போனேன், முகத்தைப் பார்க்க விடவில்லை. அந்த உறையைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்கள். பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது.

ஆபீசிலும் அதையேதான் சொன்னார்கள். அவர் தகவல் தரவில்லை, நாங்கள் என்ன செய்ய முடியும்? அப்புறம் அந்தப் பக்கம் மீன் பிடிக்கிற காக்த்வீப் ஊர் ஆட்கள் வந்தார்கள். வலி தொடங்கிய அன்றைக்கே அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஏறிக்கொள்ளுங்கள், கரையில் விடுகிறோம் என்று கூப்பிட்டும் இருக்கிறார்கள். அண்ணாச்சி வரவில்லை. தன் அரைகுறை வங்காளத்தில், "ஆபீஸ் பேயேச்சே, லாஞ்ச் ஆஸ்ச்சே" என்றாராம். ஆபீசுக்குக் கிடைத்துவிட்டது, லாஞ்ச் வருகிறது. லாஞ்ச் வந்து ஆளைக் காணாமல் அலையுமே என்று கையை ஆட்டி அவர்களை அனுப்பிவைத்திருக்கிறார்.

காய்ச்சலில் ஏதோ உளறியிருப்பார் என்றார் பெரிய அதிகாரி. தீதி எழுந்து போனார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, தீவிலிருந்து வந்த சின்ன மெஷினைப் பெரிய மெஷினோடு இணைக்கச் சொன்னார். பழைய டிஸ்க் அதற்குள்ளேயே இருந்தது. என்னையே தட்டச் சொன்னார். ஓர் அளவைத் தட்டி, குறிப்பில் 'போட் அனுப்புங்கள்' என்று எழுதி அனுப்பினேன். பெரிய மெஷின் வாங்கவில்லை. புரியாத பேச்சு என்று கீழே போட்டுவிட்டது, ஒரு காகிதத்தில்கூடப் பதியவில்லை. சரி, பிழை என்றாவது இங்கே காட்டும் என்று சின்ன மெஷினின் திரையைப் பார்த்தேன். பச்சை எழுத்தில் 'ரிசீவ்ட்' என்று வந்தது.

பழைய ஏற்பாட்டில் பெரிய மெஷின் 'ஒன்று' என்று பதில் சொன்னால் கிடைத்துவிட்டது என்று பொருள். புதிய ஏற்பாட்டில் தவறுகளுக்கு எண் கொடுத்திருந்தார்கள். தவறே இல்லை என்றால் பூஜ்யம். உன் பேச்சு எனக்குப் புரியவில்லை என்றால் 'ஒன்று'. பெரிய மெஷின் புதிய பேச்சில் மறுத்தது, சின்ன மெஷின் அதைப் பழைய பேச்சில் படித்துச் சரி என்றது. இரண்டும் தனித்தனியே சரியாகத்தான் வேலை செய்தன. தீதி மறுபடி மறுபடி தட்டச் சொன்னார், மறுபடி மறுபடி அதே பச்சை. அந்த எண்களைப் போட்டவர் அவர்தான். "அவருக்கு நானே பதில் சொல்லியிருக்கிறேன்" என்று ஒரு தடவை சொன்னார். பிறகு அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. அண்ணாச்சி கடைசியாக என்ன எழுதினார், எத்தனை முறை எழுதினார், எதுவும் யாருக்கும் தெரியாது. எனக்கு எழுதிய குறிப்புகள் அவை. என்னிடம் வந்து சேரவே இல்லை.

தீதி பழைய கதவைத் திறந்தார். எல்லாச் சாவடியும் மாறி, பழைய பேச்சுப் பேச ஒரு மெஷின்கூட மிச்சமில்லாதபோதும் அது திறந்தே இருந்தது. இனி யாருக்காக தீதி என்று நான் கேட்டால், "தாக் நா" என்பார். இருக்கட்டுமே என்று அர்த்தம். ஓய்வு பெற்ற அன்று அந்தப் பழுப்பு உறையை என் கையில் வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

இந்த வருடம் மகன் கம்பெனியிலும் பூஜைக்கு முன்னால் புது வெர்ஷன் மாற்றுகிறார்களாம். சாப்பாட்டு மேஜையில் சொன்னான். "எல்லாருக்கும் போய்ச் சேந்துச்சான்னு எப்படிடா தெரியும்?" என்று கேட்டேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஸ்கிரீன்ல காட்டும்மா. போயிருச்சுன்னா பச்சையா காட்டும்" என்றான்.

"பச்சையா காட்டினாலும் ஒரு போன் போட்டுக் கேளுடா!" என்று கத்திவிட்டேன். அவன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். எழுந்துபோய் பீரோவைத் திறந்து, உறையைக் கொண்டுவந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.