துடுப்பு மாட்டிக்கொண்ட திமிங்கலம்

பேருந்துகளுக்குக் கூடு கட்டும் பட்டறையில் அவருக்கு வேலை. பேசும்போதுகூட வாயில் இரண்டு ஆணியைக் கவ்வியிருப்பார் என்பதால் எல்லோருக்கும் அவர் ஆணிக்காரர். வருடந்தோறும் கடற்கரைச் சாலையில் நடக்கும் ஊர்வலத்துக்குப் பட்டறையின் சார்பில் அலங்கார ஊர்தி கட்டுவதும் அவர்தான். பழைய லாரியின் மேல் இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் கம்பிவலை, அதற்கும் மேல் துணி. துணி வேலை மனைவியுடையது. வண்டிகளுக்கு இருக்கை உறை தைப்பவள் அவள். மற்ற மாதங்களில் உப்புக்காற்று சட்டத்தை அரித்துத் தின்னும். விடுமுறை நாட்களில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே துருவைச் சுரண்டுவார்கள், சிரித்துக்கொண்டே பெயின்ட் அடிப்பார்கள்.

அந்த வருடம் திமிங்கலம். சட்டம் எழும்பியதும் அவள் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏங்க, துடுப்பு ரொம்ப அகலம். கடைத்தெரு முனையில திரும்பாது."

பட்டறை ஆட்கள் நின்றிருந்தார்கள். ஆணிக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "துணி தைக்கிறவளுக்கு இரும்பைப் பத்தி என்ன தெரியும்? போ, போய் ஊசியைப் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அன்று முதல் வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. துணியை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் கட்டிக் கொடுத்தாள்.

திமிங்கலத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்து ஓட்டுபவருக்குச் சாலை சரியாகத் தெரியாது. யாராவது முன்னால் பின்னோக்கி நடந்தபடி வழி சொல்ல வேண்டும். எப்போதும் அது அவள் வேலை. இந்த ஊர்வலத்தில் அவள் நடைபாதையில் போய் நின்றுகொண்டாள். வழி சொல்ல அவளுடைய தம்பி வந்தான்.

"இடது, மாமா, இடது!"

"எந்த இடதுடா?"

"என் இடது!"

கடைத்தெரு முனையில் கிரீச்சென்று ஒரு சத்தம். மாடிக் கடையின் கம்பித் தடுப்பில் துடுப்பு மாட்டிக்கொண்டது. பின்னால் வந்த மேளம் நின்றது, ஊர்வலமே நின்றது. உள்ளே வியர்வையில் குளித்த ஆணிக்காரருக்கு வெளியே தலைகாட்டவே கூச்சமாக இருந்தது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. "தள்ளுடா நீ! ஏங்க, வண்டியை அணைச்சுட்டு ஸ்பேனரோட இறங்குங்க."

அவள் ஒரு கயிற்றை உருவினாள். துடுப்புத் துணி வாழைத்தோல் மாதிரி கழன்று வந்தது. ஆணிக்காரர் வாயைப் பிளந்தார்.

"இதைத் தைக்கலையா நீ?"

"உங்க பிடிவாதம் எனக்குத் தெரியாதா? அதான் கட்டி வெச்சேன். போல்ட்டைக் கழட்டுங்க."

கழற்றினார். நான்கு பேர் துடுப்பைத் தோளில் சுமந்து திமிங்கலத்துக்கு முன்னால் நடக்க, இதுவும் வேடிக்கையில் சேர்த்தி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. மிச்ச தூரம் முழுவதும் அவள் குரலைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். "கொஞ்சம் வலது... போதும்... மெதுவா, மெதுவா..." அத்தனை நாள் பேசாத குரல். கண் கலங்கியதை உள்ளே யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் பட்டறையில் ஊர்தியைக் கழுவும்போது, அதே ஆட்கள் முன்னால் ஆணிக்காரர் சொன்னார்: "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இவ சொன்னதுதான் சரி."

அவள் தண்ணீர்க் குழாயை அவர் பக்கம் திருப்பி, சட்டையை நனைத்துவிட்டுச் சொன்னாள்: "சரி சரி. வாலுக்கு அடியில உப்புப் படிஞ்சிருக்கு பாருங்க. நல்லாத் தேய்ங்க."

அடுத்த வாரம் துடுப்புகளை மடக்குவதற்குக் கீல் வைத்தார். அளவு சொன்னது அவள்.