வெறுங்கை

காட்டோர ஆய்வு நிலையத்தில் அவரைக் கூண்டுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். குரங்குகளைக் கூண்டில் பிடிப்பார். மருத்துவர் மயக்க ஊசி போட்டதும் அக்குளைப் பஞ்சுக்குச்சியால் இருபது முறை துடைத்துக் குழாயில் அடைப்பார். கண் விழித்ததும் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவார். மூன்று மாதத்துக்கு ஒரு நடை. பதினொரு ஆண்டில் நாற்பத்து நான்கு. குரங்குத் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் மழைக்கும் வெயிலுக்கும் வயதுக்கும் எப்படி மாறுகின்றன என்று பார்க்கத் தொடங்கிய ஆய்வு. தொடங்கியவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். குச்சி மட்டும் கை மாறவில்லை.

கடைசி நடை முடிந்த பன்னிரண்டாம் நாள், சைக்கிளை நிறுத்திவிட்டுப் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அந்தக் குழாய்கள் போய்ச் சேரும் ஆய்வகத்தில்தான் அவர் மகள் இருந்தாள். பஸ்ஸில் எட்டு மணி நேரம். குச்சியிலிருந்து மரபணுவைப் பிரித்து, எந்த பாக்டீரியா எவ்வளவு என்று பார்ப்பது அவள் வேலை. அப்பா உறைய வைப்பார், மகள் உருக்குவாள். அம்மா போன பிறகு இருவருக்கும் நடுவே போக்குவரத்து ஏறக்குறைய அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை போனில் சாப்பிட்டாயா என்பார். சாப்பிட்டேன், நீங்க என்பாள். ஆச்சு என்பார். பிறகு மற்றவர் வைக்கட்டும் என்று இருவரும் காத்திருப்பார்கள்.

மரபணுவை அவ்வப்போது பிரித்து வைத்தாலும், எல்லாவற்றையும் கடைசியில் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். அதனால் அவர் இறந்து ஏழாவது வாரம்தான் முடிவு வந்தது. ஆய்வகத் தலைவி அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். ஒவ்வொரு நடையிலும் கடைசியாக ஒரு வெறுங்குச்சி எடுக்க வேண்டும். எதையும் தொடாமல், காற்றில் காட்டிவிட்டு மூடுவது. அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் மற்ற குச்சிகளையும் நம்ப முடியாது. நாற்பத்து நான்கிலும் மனிதத் தோலின் பாக்டீரியா மொய்த்திருந்தது.

"இது வெறுங்குச்சி இல்லம்மா, சந்தைக்கடை," என்றார் தலைவி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்பாவைக் குறை சொல்லல. ஆனா ஒரு தடவைன்னா தவறு. நாப்பத்து நாலு தடவைன்னா, கை சுத்தமில்லைன்னுதான் சொல்லுவாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியணும். இல்லைன்னா மொத்தத்தையும் ஒதுக்கிடலாம்."

கை சுத்தமில்லை. அப்பா குடிப்பதற்கு முன்னும் டம்ளரைக் கழுவுவார், பின்னும் கழுவுவார். அந்த டம்ளருக்கு வாயிருந்தால் அழும் என்பாள் அம்மா. மகள் அன்றே பஸ் ஏறினாள்.

நிலையத்தின் விலங்கு மருத்துவரம்மா அப்பாவின் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார். ஒற்றைக் கட்டில். அலமாரியில் இரண்டு சாப்பாட்டுத் தட்டு. ஒன்று தேய்ந்திருந்தது, மற்றதில் தூசி. கதவுக்குப் பின்னால் அவருடைய மழைக்கோட்டு.

"அரைக்காதுன்னு ஒரு ஆண் குரங்கு," என்றார் மருத்துவரம்மா. "அதை மட்டும் மாப்பிள்ளைன்னு கூப்பிடுவாரு. 'மாப்பிள்ளை, கொஞ்சம் கையைத் தூக்குங்க'ம்பாரு. மயக்கத்துல கெடக்குற குரங்குக்கு மரியாதை வேற. ஏன் மாப்பிள்ளைன்னு கேட்டேன். 'என் மக கூட்டிட்டு வர்ற மாதிரி தெரியல. நானே ஒண்ணைப் புடிச்சு வெச்சுக்கிட்டேன்'னாரு."

மகள் சிரித்தாள். சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரமாயிற்று.

கட்டிலுக்கு அடியில் பதினொரு நோட்டுப் புத்தகம் இருந்தது, ஆண்டுக்கு ஒன்று. ஒவ்வொரு நடையின் கடைசி வரியும் ஒன்றுபோலவே இருந்தது: "வெறுங்கை, வலது. கையுறை கழற்றித் துடைத்தேன். இருபது முறை."

முதல் நோட்டின் அட்டைக்குள் செய்முறைத் தாள் மடித்து வைத்திருந்தது. நகல் எடுத்தபோது வலது ஓரம் வெட்டுப்பட்ட தாள். கடைசி வரியில் "இறுதியாக வெறுங்" என்று மட்டும் இருந்தது. மீதி எழுத்துகள் நகல் இயந்திரத்தோடு போய்விட்டன. அவர் யாரையும் கேட்கவில்லை. தெரிந்த சொல்லால் முடித்துக்கொண்டார். வெறுங்கை முழம் போடுமா என்று வாய்க்கு வாய் சொல்பவர், வேறெப்படி முடிப்பார்?

வியாழக்கிழமை தலைவி அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். முதலில் சிரித்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். ஆய்வகம் தன் பங்குக்கு வைத்த வெறுங்குச்சிகள் சுத்தமாகவே இருந்தன. அப்படியானால் இது அழுக்கு இல்லை. அவர் கை எப்படிப்பட்டது என்பதற்கான பதிவு. குரங்குகளின் குச்சியில் அவரிடமிருந்து எது ஏறியது என்று இனித் தெரிந்துவிடும்.

"அப்பாவைக் கழிச்சிடுங்க. மிச்சம் நிக்கும்," என்றார் தலைவி. சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

கழிப்பதற்கு முன் மகள் இரண்டு கோடு வரைந்தாள்.

முதல் கோடு அரைக்காதினுடையது. பதினெட்டாவது நடையில் அவன் பிறந்த கூட்டத்தை விட்டு வெளியேறி, ஏறக்குறைய ஓராண்டு தனியே திரிந்திருக்கிறான். பேன் பார்க்க ஆளில்லை. தோலில் இருந்த பாக்டீரியா வகைகள் பாதியாகக் குறைந்தன. வேறு கூட்டத்தில் சேர்ந்த இரண்டே நடையில் கோடு மேலே ஏறிவிட்டது.

இரண்டாவது கோடு அப்பாவின் கையினுடையது. இருபத்தொன்பதாவது நடையில் அதுவும் அப்படியே இறங்கியது. தேதி பார்க்கத் தேவையில்லை. அது அம்மா இறந்த மாதம். பிறகு ஏறவே இல்லை. முப்பத்தாறாவது நடையில் மட்டும் ஒரு புள்ளி தனியாக மேலே நின்றது. அதற்குத் தேதி பார்த்தாள். அப்போதுதான் அவள் காய்ச்சலோடு அப்பாவிடம் போய் ஒன்பது நாள் படுத்திருந்தாள். அவர்தான் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு புள்ளியை வைத்து எதையும் சொல்லக் கூடாது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பது அது. இரண்டாவது கோட்டை அறிக்கையில் அவள் சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பட்டியலைத் திறந்தாள். குரங்குகளின் குச்சிகளில் அவர் கையிலிருந்து வந்தது நூற்றுக்கு மூன்று. கழிக்கவா என்று திரை கேட்டது. கழித்தால்தான் அவர் வேலை நிலைக்கும். வலது கை விரலால் அழுத்தினாள்.

நாற்பத்து நான்கு நடையும் நிலைத்து நின்றன. குரங்குகள் மட்டும் இருந்தன.