பத்துக்கு நான்கு

எம்.பி.ஏ. படிப்பின் கடைசிப் பருவம். அம்பத்தூரில் ஒரு கல்லூரியின் மாடியில் ஞாயிறுதோறும் எங்களுக்கு வகுப்பு. மற்ற ஆறு நாட்களும் நான் தொழிற்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். மெக்கானிக்கல் படித்தவள். பாகங்களை அளந்து, சரியானதை ஒரு தட்டிலும் மற்றதை இன்னொரு தட்டிலும் வைப்பது என் வேலை.

முதல் வருடம் வகுப்பில் பெண்கள் மூவர். ஒருத்தி கல்யாணமாகிப் போனாள். பிரசவத்துக்குப் போன இன்னொருத்தி திரும்பவில்லை. பிறகு நான் மட்டும். மதியம் ஆண்கள் எல்லோரும் எதிர்க்கடையில் டீ குடிக்கப் போய்விடுவார்கள். நான் வகுப்பிலேயே டிபன் பாக்ஸைத் திறப்பேன். சாப்பிட்டதும் அடுத்த வாரம் செய்ய வேண்டியவற்றுக்குப் பட்டியல் போடுவேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை. கூப்பிடத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் குழுவில் ஐந்து பேர். பூந்தமல்லியிலிருந்து வரும் மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவர், ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மூன்று பேர், நான். வாஷிங் மெஷின் யார் வாங்குவார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் ஆய்வு எங்களுடையது. அது முடிந்ததும் பேராசிரியர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். குழுவில் மற்ற ஒவ்வொருவருக்கும் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். "யாருக்கும் காட்டாதீங்க, மனசாட்சிப்படி போடுங்க" என்றார்.

நான் அப்படியே செய்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். நேரத்துக்கு வந்தது, ஒப்புக்கொண்ட வீடுகளுக்குப் போனது, அட்டவணை போட்டது, எழுதியது, திருத்தியது என்று ஐந்து தலைப்பு, தலைப்புக்கு இரண்டு மதிப்பெண். தொழிற்சாலைக்காரர்கள் மூவருக்கும் ஏழு, ஏழரை, எட்டு என்று வந்தது. பிரதிநிதிக்கு நான்கு. பருத்திப்பட்டில் அவருக்குக் கொடுத்த வீடுகளில் பாதிக்கு அவர் போகவே இல்லை.

அடுத்த ஞாயிறு அந்தத் தாள்கள் எல்லாம் அறிவிப்புப் பலகையில் இருந்தன. போட்டவர் பெயர் மட்டும் கத்தரிக்கப்பட்டிருந்தது. என்னைத் தவிர வகுப்பு முழுக்க எல்லோரும் எல்லோருக்கும் எட்டு போட்டிருந்தார்கள். டீக்கடையில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள் என்பது பலகையின் முன் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

"இன்னாபா இது, எனக்கு மட்டும் ஒருத்தர் நாலு போட்டுக்கீறாரு?" என்றார் பிரதிநிதி.

"அண்ணாத்தே, உன்ன ரிஜெக்ட் தட்டுல போட்டுட்டாங்க" என்றார் தொழிற்சாலைக்காரர் ஒருவர். "எனக்குப் பாரு, ஏழரையாம். ஏற்கெனவே ஊட்ல ஓடிக்கினு கீது, இங்கயும் வேற."

எல்லோரும் சிரித்தார்கள். பிரதிநிதியும் சிரித்தார். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோடுகளைப் பார்த்தாலே தெரியும். நான் அவர்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இறுதி ஆய்வுக்கு விரும்பினால் குழுவை மாற்றிக்கொள்ளலாம். பெயர்ப்பட்டியலை ஒரு வாரத்தில் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் என் பெயர் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வாரம் நான் வேறெதையும் நினைக்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். எதற்கு என்று தெரியவில்லை. போட்ட மதிப்பெண் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஏழரை வாங்கியவர் என் பெஞ்சுக்கு வந்தார். "மேடம், நீங்க தனியா செஞ்சா இன்னும் நல்லா வரும். நாங்கல்லாம் ஏனோதானோன்னு செய்யுற ஆளுங்க." அவர் குரலில் கோபம் இல்லை. பிரதிநிதி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியலில் நான்கு பெயர்கள்தான் இருந்தன.

நான் அதே வாஷிங் மெஷினையே எடுத்துக்கொண்டு, சேக்காட்டில் சனிக்கிழமை சாயங்காலங்களில் தனியாக வீடு வீடாகப் போனேன். தண்ணீர் கொடுத்த ஓர் அம்மா, "கூட யாரும் வரலியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

கடைசி வகுப்பில் எல்லோரும் ஆய்வை மேடையில் படித்தோம். படித்து முடித்ததும் வகுப்பு கேள்வி கேட்க வேண்டும். கேட்டால்தான் மதிப்பெண் முழுமையாகும் என்பதால் ஒவ்வொரு குழுவும் சுலபமான கேள்விகளை நண்பர்களிடம் முன்பே சொல்லி வைத்திருக்கும். நான் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. "கேள்வி இருக்கா?" என்றார் பேராசிரியர். மின்விசிறி ஓடியது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். "யாரும் இல்லையா?" என்று மறுபடி கேட்டார்.

பின் வரிசையில் பிரதிநிதி கை தூக்கினார். "வேணாம்னு சொன்னவங்க இன்னாத்துக்கு வேணாம்னாங்க மேடம்?"

"குழாயில் தண்ணீர் வருவதில்லை என்றார்கள்" என்றேன். அதைத் தொடர்ந்து மேலும் இரண்டு பேர் கேள்வி கேட்டார்கள்.

மாலையில் பஸ் நிறுத்தத்தில் அவர் நின்றிருந்தார். நன்றி சொன்னேன்.

"சும்மா நின்னுகினு இருந்தீங்க. பாக்க ஒரு மாதிரி இருந்துச்சு." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "நாலு கரெக்டுதான் மேடம். நான் இல்லேன்னு சொல்லல. காயிதத்துல எழுதுனத முன்னாடியே என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்த ஊடுங்களுக்கும் போயிருப்பேன்."

"கேட்டிருக்கலாம்" என்றேன்.

பூந்தமல்லி பஸ் வந்தது. "வரேன் மேடம்" என்று ஏறிக்கொண்டார். நான் போக வேண்டிய ஆவடி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கடைசி ஆய்வு வரை இரண்டு வருடமும் ஒரே குழுவில் இருந்திருக்கிறோம். பாதி வீடுகளுக்கு ஏன் போக முடியவில்லை என்று அப்போதும் நான் அவரைக் கேட்கவில்லை.