ரவைக் கோது குளித்த தண்ணீர்

இன்று நான் வீட்டுவேலை செய்யும் இத்தாலியச் சினியோராவின் கணவர் எனக்கு உதவி செய்ய வந்தார். நான் விடவில்லை.

பலெர்மோவின் பொலிதேயாமா பகுதியில் அவர்கள் வீட்டு வேலையை முடித்துவிட்டு, பால்கனியில் இருந்துகொண்டு எங்கள் மாதா கோயிலின் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நாளைய தமிழ்ப் பூசைக்கு அவற்றை மினுக்குவது இந்த முறை என் பங்கு.

"புளியோடை ஏன் மல்லுக்கட்டுறாய்? என்ரை மெஷினிலை போடு," என்று இத்தாலியனில் சொல்லி, ஒரு தண்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பின்னாலேயே போனேன்.

அவர் துப்பாக்கி சுடும் கிளப்காரர். சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரில், அல்ட்ராசோனிக் கிளீனர் என்ற அந்த அதிர்வு மெஷினில் கழுவுவார். பிறகு வெடிமருந்தும் ரவையும் அடைத்துத் திரும்பவும் சுடுவார்.

மூடியைத் திறந்தார். ஊத்தைத் தண்ணீருக்குள் கோதுகள் அதிர்ந்துகொண்டிருந்தன.

தண்டை அவர் கையிலிருந்து பறித்தேன்.

"வெறுங்கோதுதானே," என்று சிரித்தார்.

"ஓம் சினியோரே. சண்டை நேரம் எங்கடை வீட்டு முத்தத்திலை கிடந்ததும் வெறுங்கோதுதான். உள்ளுக்கிருந்தது என்ரை தம்பியிலை பட்டிட்டுது," என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன்.

தண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, நடந்ததைச் சொன்னேன்.

என் கணவர் பதறினார். "உனக்கு விசரே? அந்தாள் வேலைக் கடிதம் தராட்டி இஞ்சை தங்கிற பெர்மெசோவை எப்பிடிப் புதுப்பிக்கிறது?"

"தராட்டி வேறை வீடு பாப்பம்."

ஒரு தண்டின் அடியில் கறுப்பு இன்னும் போகவில்லை. இதை வாசிக்கும் இந்த முகநூல் குழுவில் உள்ள பலெர்மோ ஆட்களே, நாளை பூசையில் அதைக் கண்டு குசுகுசுக்க வேண்டாம். இங்கேயே எழுதுங்கள், பதில் வைத்திருக்கிறேன்.