ஒட்டிய முகம்

எதையும் அளந்து பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. பேருந்துக்கு நின்றால் நிழற்குடையின் சுவர்ப்பரப்பைக் கணக்கிடுகிறேன். வாசலைக் கழிக்க மறந்தேனோ என்று மறுபடி தொடங்குகிறேன். இந்த நோய் ஆம்பூரில், பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு மரப் பொம்மை செய்யப்போய்த் தொற்றியது.

ஓர் உருளை, அதன் தலையில் அரைக்கோளம். ஆரம் ஏழு, உருளையின் உயரம் பத்து சென்டிமீட்டர். இரண்டையும் தனித்தனியே மரத்தில் கடைந்து ஒட்டியாகிவிட்டது, மேலே தோல் போர்த்த வேண்டும். ஷூ கம்பெனியில் வேலைபார்த்த சித்தப்பாதான் வெட்டுத் துண்டு வாங்கிவர வேண்டும். ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஆனால் பாகப்பிரிவினைப் பேச்சு எழுந்ததிலிருந்து அப்பாவும் அவரும் என் வழியாகத்தான் பேசினார்கள். எந்த அறையில் யார் குரல் உயருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே கணக்குப் போட்டேன்.

"எத்தினி அடிடா வோணும்?" என்றார் சித்தப்பா. எங்கள் ஊரில் தோலுக்கு அடி என்றால் சதுர அடிதான்.

உருளையின் பக்கம் நானூற்று நாற்பது, அரைக்கோளம் முந்நூற்றெட்டு, அடிவட்டம் நூற்றைம்பத்து நான்கு. மொத்தம் தொள்ளாயிரத்து இரண்டு; ஓர் அடிக்குச் சற்றுக் குறைவு.

"ஒரு அடி போதும் சித்தப்பா. ஒட்டுற எடம் கணக்குல வராது."

"இத ஒங்கப்பன் கிட்ட சொல்லு."

சொன்னேன். "அவனுக்குத் தெரிஞ்சா சரி," என்றார் அப்பா.

தோலை நனைத்து, இழுத்து, சித்தப்பாவே போர்த்தி ஒட்டிக்கொடுத்தார். கண்காட்சி முடிந்து பொம்மை திரும்புவதற்குள் கூடத்தின் நடுவே சுவர் எழும்பிவிட்டது. வாசலில் எனக்கும் சித்தப்பா மகளுக்கும் இழுபறி. தோல் எங்கப்பா கொடுத்தது என்றாள் அவள். கணக்கு என்னுடையது என்றேன் நான். இழுத்த இழுப்பில் அரைக்கோளம் அவளோடு போயிற்று, உருளை என்னிடம் நின்றது. பிரிந்த இடத்தில் இரண்டிலும் வெறும் மரம், பசைத் தழும்போடு.

அதைப் பார்க்கச் சகிக்காமல் அப்பாவிடம் ஓடினேன்.

"ரெண்டுத்தையும் மூடணும்பா. இன்னும் முந்நூத்தியெட்டு வோணும். பிரிச்சதாலதான் ஜாஸ்தியாய்ட்சி. ஒட்டியே இருந்தா ஒண்ணும் வோணாம்."

கொத்தனார் சுவரின் எங்கள் பக்கத்தைப் பூசி முடித்து, அடுத்த பக்கத்துக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார். அப்பா எழுந்துபோய் அந்த ஈரச் சுவரருகே நின்றார். அந்தப் பக்கம் சித்தப்பா இருமுவது கேட்டது. தோல் கேட்கத்தான் போயிருக்கிறார் என்று நினைத்தேன். வெகுநேரமாகியும் அவர் கேட்கவில்லை.

எனக்கு எரிச்சலாக வந்தது. கணக்குதான் சரியாயிற்றே, இன்னும் எதற்கு யோசிக்கிறார்?